பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரம்: மருந்தா, கரமா, காலமா?

குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது, ஆனால் தாயின் உதிரம் மட்டும் நிற்கவில்லை என்னும் கட்டத்தில், அருகில் நிற்கும் மருத்துவரோ மருத்துவச்சியோ முதலாவதாகச் செய்யத்தக்கது யாது என்னும் கேள்விக்கு வைத்திய சாஸ்திரம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக விடை கூறிவந்திருக்கிறது. அவ்விடைகளுள் எதுவும் முற்றிலும் பொய்த்துவிடவில்லை; எதுவும் தனித்து நின்று போதுமென்று நிரூபணமாகவும் இல்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தே பிரதானம் என்றவர் உண்டு. கையும் தையலும் கத்தியுமே இறுதியில் உயிர் காப்பவை என்றவர் உண்டு. போன இரத்தத்தைத் திருப்பித் தருவதிலும் உறையும் சக்தியைக் காப்பதிலும் நம்பிக்கை வைத்தவர் உண்டு. அண்மையில் நாலாவது கட்சியொன்று தோன்றியிருக்கிறது: எதைச் செய்வது என்பதைவிட எப்போது தொடங்குவது என்பதே முக்கியம் என்பது அதன் கொள்கை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர் 2003 முதல் 2009 வரையிலான தாய்மார் மரணங்களை வகைப்படுத்தியபோது, அவற்றுள் ஏறத்தாழ 27 சதவீதம் உதிரப்போக்கினால் நேர்ந்தவை என்று கண்டார்கள். எனவே இந்நான்கு கட்சிகளின் தோற்றத்தையும் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது வீண் வேலையாகாது.

உதிரம் நிற்பதும் நில்லாமையும்

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் எண்ணற்ற குழாய்கள் வாய் திறந்து நிற்க, அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும் தசைநார்கள் இறுகி, ஒவ்வொரு குழாயையும் சுருக்கிட்டு மூடிவிடுகின்றன. உதிரம் உறைவதற்கு முன்பே இந்தச் சுருக்கம் அதை நிறுத்திவிடுகிறது என்பதுதான் பிரசவத்தின் விசேஷம். இது தவறும் காரணங்களைப் பாடநூல்கள் நான்காகப் பகுக்கின்றன: கருப்பை தொய்ந்துபோதல், பிரசவப் பாதையில் கிழிசல் உண்டாதல், நஞ்சின் துண்டு உள்ளே தங்குதல், இரத்தம் உறையும் தன்மையை இழத்தல். பத்துக்கு ஏழு பேரிடம் முதற்காரணமே மேலோங்கி நிற்பதாகக் கணக்கிடுவர்.

இப்பகுப்பு மாணவர்க்கு உதவுவது போல நெருக்கடியில் நிற்பவருக்கு எப்போதும் உதவுவதில்லை. முதல் மூன்றும் கவனிப்பாரற்று நீடித்தால் நாலாவதாக மாறிவிடும். ஒரே தாயிடம் இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பதும் அபூர்வமன்று. அன்றியும் கர்ப்பகாலத்தில் பெருகிய இரத்தத்தைச் சேமிப்பாகக் கொண்ட ஆரோக்கியமான பெண்ணின் நாடியும் இரத்த அழுத்தமும், ஒரு லிட்டர் போன பின்னும் பெரிதாக மாறாமல் இருந்து பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். மறுபுறம், சோகை பிடித்த உடலுக்கு அதில் பாதியே ஆபத்தாகிவிடலாம். 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிலிட்டர் என்று வெகுகாலம் வழங்கிவந்த எல்லைக்கோடு, இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தியது.

சுருக்கும் மருந்தைத் தேடிய வழி

மேனாட்டு மருத்துவச்சிகள் 'ரை' என்னும் தானியத்தில் படரும் எர்கட் என்னும் பூஞ்சையைப் பிரசவ வலியை மிகுவிக்கப் பயன்படுத்தி வந்தார்கள். 1808-இல் நியூயார்க் மாகாணத்து வைத்தியர் ஜான் ஸ்டேர்ன்ஸ் அதைப் பற்றி எழுதிய கடிதம் வெளியானதும் அது படித்த வைத்தியரின் பைக்குள் புகுந்தது. விளைவு விபரீதமாயிற்று. அளவறியாமல் கொடுத்த தூள், கருப்பையை இடைவிடாது இறுக்கிக் குழந்தையைக் கொன்றது. சில சமயம் கருப்பையையே கிழித்தது. 1820-களில் அதே நியூயார்க்கின் டேவிட் ஹோசாக், இது பிரசவத் தூளன்று, மரணத் தூள் என்ற கருத்துப்பட எழுதி, குழந்தை பிறந்த பிறகு உதிரத்தை நிறுத்துவதற்கு மட்டுமே அதை ஒதுக்கவேண்டும் என்று வாதித்தார். ஒரே பொருள், குழந்தை உள்ளிருக்கையில் விஷமாகவும் வெளிவந்த பின் ஔஷதமாகவும் அமைவதை அவர் கண்டுகொண்டது, இத்துறையின் முதல் தெளிவான தீர்மானம் எனலாம்.

பூஞ்சையின் எந்தச் சத்து வேலை செய்கிறது என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் விளங்கவில்லை. 1932-இல் லண்டனில் சாஸர் மோயர், பிள்ளை பெற்ற பெண்களின் கருப்பைக்குள் சிறு இரப்பர்ப் பை ஒன்றை வைத்து, அதன் அழுத்தத்தைக் காகிதத்தில் கோடாக வரையச் செய்து, அந்நாளில் அங்கீகரிக்கப்பட்டிருந்த சத்துகளையும், மருந்துக்கடையாரின் பழைய திரவ வடிசாற்றையும் ஒப்பிட்டார். பயனற்றதென்று நிபுணர் ஒதுக்கியிருந்த பழைய வடிசாறு, கோட்டைச் சில நிமிஷங்களில் மேலே எழுப்பிவிட்டது. அந்த வடிசாற்றிலிருந்து அவரும் இரசாயன ஆராய்ச்சியாளர் டட்லியும் 1935-இல் பிரித்தெடுத்ததுதான் எர்கோமெட்ரின். இன்னொரு கிளையில், 1906-இல் ஹென்றி டேல் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதன் மூலப்பொருளான ஆக்ஸிடோசினைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டி, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். எர்கோமெட்ரின் இரத்தக் கொதிப்புள்ள தாய்க்கு ஆகாது என்ற குறை ஆக்ஸிடோசினுக்கு இல்லாமையால், காலப்போக்கில் பின்னது முன்னதை முந்திக்கொண்டது.

மருந்து கிடைத்த பின், உதிரம் மிகும்வரை காத்திராமல் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்தால் என்ன என்ற வினா எழுந்தது. ஊசி, தொப்புள்கொடியை உடனே கவ்விக் கட்டுதல், கொடியை நிதானமாக இழுத்து நஞ்சை வெளிக்கொணர்தல் என்ற மூன்றும் சேர்ந்த முறையை, இயற்கைக்கு விட்டுவிடும் முறையோடு ஒப்பிட்ட பிரிஸ்டல் ஆராய்ச்சி 1988-இல் வெளியாயிற்று. முன்னதில் 5.9 சதவீதமும் பின்னதில் 17.9 சதவீதமும் பெண்கள் மிகையான உதிரப்போக்குக்கு ஆளானார்கள். அம்மருத்துவமனையின் தாதியர்க்குக் காத்திருக்கும் முறையில் பழக்கமில்லை, அப்பிரிவில் சேர்க்கப்பட்டவருள் பாதிப்பேருக்குக்கூட அது முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை என்று எதிர்ப்பாளர் சுட்டிக்காட்டியது நியாயமான ஆட்சேபணையே. ஆயினும் இருமுறைகளிலும் தேர்ந்தவர்களைக் கொண்டு இங்கிலாந்தின் ஹின்சிங்புரூக் மருத்துவமனையில் நடத்தி 1998-இல் வெளியிட்ட சோதனையிலும் 6.8-க்கு 16.5 என்றே முடிவு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூன்று அங்கங்களும் ஒன்றாக வென்றனவேயன்றி ஒவ்வொன்றும் தனித்து வெல்லவில்லை. கொடியை உடனே கட்டுவது சிசுவுக்குச் சேரவேண்டிய இரத்தத்தைக் குறைக்கிறது என்று தெரிந்ததும் அது கைவிடப்பட்டது. கொடியை இழுப்பதனால் பயன் மிகச் சொற்பமே என்று, 8 நாடுகளில் 24,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 2012-ஆம் ஆண்டுச் சோதனை காட்டிற்று. ஆக, ஒரு தலைமுறைத் தாதியர் பிரிக்கவொண்ணாததென்று கற்ற முறையில், ஊசி ஒன்றே காலத்தை வென்று நின்றது.

அந்த ஊசிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும்; ஊசி போடத் தெரிந்த கை வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஊர்களுக்கென்று மிஸோப்ரோஸ்டால் மாத்திரை முன்வைக்கப்பட்டது. 2001-இல் வெளியான 18,530 பெண்களின் ஒப்பீட்டில், ஒரு லிட்டருக்கு மேல் உதிரம் இழந்தவர் ஊசிப் பிரிவில் 3 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 4 சதவீதம்; நடுக்கமும் காய்ச்சலும் மாத்திரையில் அதிகம். ஊசி சிறந்தது என்பது தெளிவு. ஆனால் ஊசியே இல்லாத இடத்தில்? கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்து கிராமங்களில் துணைத் தாதியர் 1,620 பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியான சோதனை, உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்ததைக் காட்டிற்று. இதன் பலத்தில் மாத்திரை 2011-இல் இன்றியமையாத மருந்துகளின் சர்வதேசப் பட்டியலில் இப்பயனுக்காகச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே, சான்றுகள் மெலிந்தவை, தேர்ந்த பணியாளரை அமர்த்தும் பொறுப்பிலிருந்து அரசுகள் நழுவ இது வழி செய்யும் என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் சிலர் மறுத்தெழுதினார்கள். இரு தரப்பிலும் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது.

வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்னும் சுருக்கும் மருந்து இச்சிக்கலை அவிழ்க்கும் என்பது பிந்திய நம்பிக்கை. 10 நாடுகளில் 29,645 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில் அது ஆக்ஸிடோசினுக்குத் தாழ்ந்ததன்று என்று 500 மில்லிலிட்டர் அளவில் நிலைநாட்டப்பட்டது. ஒரு லிட்டர் அளவில் அந்த உறுதி கிட்டவில்லை. அதிலும், தரம் குன்றாத ஆக்ஸிடோசினைக் குளிர் கெடாமல் வைத்துக் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது. வெயிலில் வாடிய ஆக்ஸிடோசினோடு ஒப்பிட்டிருந்தால் முடிவு எப்படியிருக்கும் என்பது வேறு வினா.

கரத்தாலும் கருவியாலும்

மருந்து தோற்றபோது அறுவை வைத்தியர் அழைக்கப்படுகிறார். 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எடுவார்டோ பொர்ரோ, சிசேரியனின்போது நிற்காத உதிரத்தைக் கருப்பையையே அகற்றி நிறுத்தினார், தாய் பிழைத்தாள். உயிருக்காகத் தாய்மையை விலையாகக் கேட்கும் அச்சிகிச்சையைத் தவிர்ப்பதற்கே அடுத்த நூற்றாண்டின் யுக்திகள் பலவும் பிறந்தன: கருப்பைத் தமனிகளைக் கட்டுதல், இடுப்பெலும்புக் கூட்டின் உட்தமனியைக் கட்டுதல், குழாய் வழியே சென்று தமனியை அடைத்தல். சியரா லியோனில் பிறந்து இங்கிலாந்தில் பணிபுரிந்த கிறிஸ்டபர் பி-லிஞ்ச், 1997-இல் வெளியிட்ட தையல் முறை இவற்றுள் மிக எளிமையானது. தொய்ந்த கருப்பையை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்து, உதிரம் நின்றால், அதே அழுத்தத்தை நூலால் நிலைநிறுத்துவது அதன் தத்துவம். தோளின்மேல் போடும் வார்போல நூல் கருப்பையின் முகட்டைச் சுற்றி வந்து முன்புறம் முடிச்சாகிறது.

இத்தையல் எத்தனை பேரைக் காத்தது என்பதற்கு நோயாளிகளின் வரிசைப் பட்டியல்களே சான்று. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. உயிர் போகும் தருணத்தில் அத்தகைய சோதனைக்கு யார்தான் துணிவார்? ஆகவே பிரிட்டன் முழுவதிலும் கணக்கெடுத்து 2011-இல் வெளியான அறிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. தையலிட்ட 211 பெண்களில் நால்வருக்கு ஒருவரிடம் அது தோற்றுக் கருப்பையை அகற்ற நேர்ந்தது. பிரசவத்துக்குப் பின் 2 முதல் 6 மணி நேரம் தாமதித்தவர்களிடம் அந்தத் தோல்வி பல மடங்காயிருந்தது. தையலின் பலத்தை அளக்கப் புகுந்தவர்கள், கடிகாரத்தின் பலத்தை அளந்து திரும்பினார்கள்.

பலூன்களின் கதை மேலும் சிக்கலானது. டாக்காவின் சயீபா அக்தர், ஆணுறை ஒன்றை இரப்பர்க் குழாயின் முனையில் நூலால் கட்டி, கருப்பைக்குள் செலுத்தி, உப்புநீரால் நிரப்பி, உள்ளிருந்தே அழுத்தம் கொடுக்கும் முறையை 2003-இல் வெளியிட்டார். 23 பெண்களிடம் பயன்படுத்தியதில் 23 பேருக்கும் உதிரம் நின்றதாக அறிவித்தார். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இக்கருவி உலகெங்கும் பரவியது. கவனிப்பு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் வெற்றி ஏறத்தாழ 86 சதவீதம் என்றார்கள். ஆனால் உகாண்டா, எகிப்து, செனெகல் நாடுகளின் மருத்துவமனைகளில் படிப்படியாக அறிமுகப்படுத்தி நடத்திய சோதனை 2019-இல் வெளியானபோது, பலூன் வந்த பின் உதிரப்போக்குக்கான அறுவையும் மரணமும் சேர்ந்த எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. கருவியே தீங்கு செய்தது என்று இதற்குப் பொருள் கொள்ள இடமில்லை. பலூனை நம்பி அறுவை அறைக்குச் செல்லத் தாமதித்தார்களா, பயிற்சி போதவில்லையா, முன்னைய கணக்கே குறைவாக எழுதப்பட்டதா என்பவை ஆராயப்படவேண்டியவை. ஆனால் எதனோடும் ஒப்பிடாமல் எழுந்த 86 சதவீதம், பலூன் இல்லாமலே நின்றிருக்கக்கூடிய உதிரத்தையும் தன் வெற்றியாக எண்ணிக்கொண்டது என்ற ஐயம் வலுப்பெறுகிறது. அழுத்துவதற்கு நேர்மாறாக, உறிஞ்சுவதால் கருப்பையைச் சுருங்கவைக்கும் கருவிகள் இப்போது முன்வந்துள்ளன. கேரளத்து வைத்தியர் பணிக்கர் அமைத்த குழாய் 2017-இலேயே வெளியாயிற்று, அமெரிக்காவில் வேறொன்று 2020-இல் அனுமதி பெற்றது. இவற்றின் ஆரம்பக் கணக்குகளும் பலூனின் ஆரம்பக் கணக்குகளைப் போலவே அழகாயிருக்கின்றன.

இழந்ததை ஈடுசெய்யும் கட்சி

பிரசவத்தில் உதிரம் போய் இறக்கும் பெண்களைக் கண்டு மனம் கலங்கிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பிளண்டெல், 1818-இல் மனித இரத்தத்தை மனிதருக்குச் செலுத்தத் துணிந்தார். இரத்தம் செலுத்தும் சிகிச்சையின் பிறப்பே பிரசவ அறையின் துயரத்தோடு இணைந்தது. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பிரித்தறிந்த பின்னரே அது பத்திரமான சிகிச்சையாயிற்று.

இன்றைய விவாதம், எதை எந்த விகிதத்தில் தருவது என்பது. விபத்தில் சிக்கியோரின் அறுவை சிகிச்சையிலிருந்து, சிவப்பணுவும் பிளாஸ்மாவும் தட்டணுவும் சம அளவில் தரவேண்டும் என்ற கொள்கை பிரசவ வார்டுக்கு இரவல் வந்தது. அதன் ஆதாரமான 680 நோயாளிகளின் அமெரிக்கச் சோதனை 2015-இல் வெளியாயிற்று. மொத்த மரணத்தில் அது காட்டிய வேறுபாடு உறுதி பெறவில்லை என்பது ஒருபுறமிருக்க, அதில் இருந்தவர்கள் குண்டடியும் வாகன மோதலும் பட்டவர்கள். நிறைகர்ப்பிணியின் இரத்தத்தில் உறைவுக்குரிய ஃபைப்ரினோஜன் இயல்பாகவே மிகுந்திருக்கும். அது லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்கினால் கடும் உதிரப்போக்கு வரவிருப்பதன் அறிகுறி என்று 2007-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். அப்படியானால் முன்கூட்டியே அதைச் செலுத்தலாமே என்று டென்மார்க்கில் நடத்திய சோதனை 2015-இல் பயனில்லை என்று முடிந்தது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அச்சத்து குறைந்திருக்கவே இல்லை. ஒன்றின் குறைவு அபாயத்தைக் காட்டுகிறது என்பதும், அதை ஊற்றினால் அபாயம் நீங்கும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

டிரனெக்ஸாமிக் அமிலம் இவ்வரிசையில் தனித்து நிற்கிறது. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் கண்டறிந்த இம்மருந்து, உறைந்த கட்டியை உடல் தானே கரைத்துவிடுவதைத் தடுக்கும். விபத்து நோயாளிகள் 20,000 பேருக்கு மேல் கொண்ட 2010-ஆம் ஆண்டுச் சோதனையில் உயிர் காத்த பிறகு, 21 நாடுகளில் 20,060 தாய்மாரிடம் சோதிக்கப்பட்டது. 2017-இல் வெளியான முடிவின்படி, உதிரப்போக்கால் இறந்தவர் 1.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்தனர். மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவரிடையே 1.7-லிருந்து 1.2. ஆனால் ஆராய்ச்சியின் ஆதி இலக்கு மரணமும் கருப்பை நீக்கமும் சேர்ந்தது. அக்கூட்டுக் கணக்கில் மாற்றமில்லை. கருப்பையை அகற்றும் தீர்மானம் பல இடங்களில் மருந்து வேலை செய்யுமுன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்று ஆராய்ச்சியாளர் இடையிலேயே உணர்ந்து, மரணத்தையே தனித்துப் பார்க்கும்பொருட்டு எண்ணிக்கையை 15,000-லிருந்து 20,000 ஆக உயர்த்தினார்கள். இதைக் குறையாகச் சொல்வோரும், நேர்மையான திருத்தமாகச் சொல்வோரும் உண்டு. விபத்து நோயாளிகளையும் தாய்மாரையும் சேர்த்து 40,000 பேரின் விவரங்களை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒவ்வொரு கால்மணி நேரத் தாமதத்துக்கும் பயன் சுமார் பத்தில் ஒரு பங்கு தேய்கிறது, மூன்று மணி நேரத்துக்குப் பின் ஒன்றுமில்லை என்று கூறியதே இம்மருந்தைப் பற்றிய மிகப் பெரிய பாடம் என்று கருதுகிறேன்.

அதே மருந்தை எல்லோருக்கும் தடுப்பாகத் தரலாம் என்ற ஆசை அவ்வளவாகப் பலிக்கவில்லை. சிறு சோதனைகள் பல அமோகமான பலன் கூறின. அவற்றைத் துருவிப் பார்த்தவர்கள், பல அறிக்கைகளில் ஒரே வாசகங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு திகைத்தார்கள். பெரிய சோதனைகள் அடக்கமாகப் பேசின: அமெரிக்காவில் சிசேரியன் செய்துகொண்ட 11,000 பெண்களிடம் 2023-இல் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை, அதே ஆண்டு, சோகை மிகுந்த 15,068 தாய்மாரிடமும் உதிரப்போக்கு 7.0 சதவீதம், 6.6 சதவீதம் என்று இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாகவே நின்றது.

அளவும் அவகாசமும்

இதுவரை சொன்ன ஒவ்வொரு வழியும், உதிரம் மிகுந்துவிட்டது என்று எவரோ ஒருவர் அறிந்த பின்புதான் தொடங்குகிறது. எப்படி அறிகிறார்? பெரும்பாலும் கண்ணால். துணியில் ஊறியதும், தரையில் சிந்தியதும், பனிக்குட நீரோடு கலந்ததும் கண் மதிப்புக்கு அடங்குவதில்லை. பெரிய இழப்புகளை அது குறைத்தே சொல்லும். பெல்காம் ஆராய்ச்சியோடு பிறந்த அளவைப் பை இதற்கு மாற்று. தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து நாடாவால் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு அது. கட்டிலின் விளிம்பில் புனல்போலத் தொங்கும் அதன் அடிப்பகுதியில் மில்லிலிட்டர் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அப்பையோடு ஒப்பிட்டபோது, கண்மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாக 2006-இல் அறிவித்தார்கள்.

பை மட்டும் போதுமா? ஐரோப்பாவின் 13 நாடுகளில் 78 பிரசவ விடுதிகளில் 25,000-க்கு மேற்பட்ட பிரசவங்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியான சோதனை, போதாது என்றது: பை வைத்த விடுதிகளில் கடும் உதிரப்போக்கு 1.71 சதவீதம், வைக்காதவற்றில் 2.06; வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். இம்முடிவு அளப்போர் கட்சியைப் பல ஆண்டுகள் வாயடைத்தது.

அவர்களுக்குத் துணை வந்தது அறுவை வைத்தியத் துறை. அமெரிக்க மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 84,730 பேரின் கணக்கை ஆராய்ந்து 2009-இல் காஃபெரியும் சகாக்களும் எழுதிய கட்டுரை, மரணம் மிகக் குறைந்த மருத்துவமனைகளிலும் மிகக் கூடிய மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நேர்ந்தன என்று காட்டிற்று: 24.6 சதவீதம், 26.9 சதவீதம். பெருஞ்சிக்கல் வந்தவருள் இறந்தவர் விகிதமோ முன்னதில் 12.5, பின்னதில் 21.4. நல்ல மருத்துவமனை என்பது சிக்கல் வராத இடமன்று, வந்த சிக்கலிலிருந்து மீட்கும் இடம் என்ற கருத்து இதனால் வேரூன்றியது. ஆனால் கூர்ந்து கவனிப்பதைக் கூட்டினாலே மீட்டுவிடலாம் என்று எண்ணி ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் நடத்திய பெருஞ்சோதனை, 2021-இல் மரணம் குறையவில்லை என்றே அறிவித்தது. கவனிப்பவர் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் கவனிப்பு வெறும் சாட்சியம்.

இப்பின்னணியில்தான் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளையும் 2,10,132 பெண்களையும் கொண்டு நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியை மதிப்பிடவேண்டும். அளவைப் பையில் எச்சரிக்கைக் கோடு. கோட்டை எட்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுதல், சுருக்கும் மருந்து, டிரனெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், கிழிசல் தேடும் பரிசோதனை ஆகிய ஐந்தும், ஒன்று தோற்றபின் மற்றொன்று என்றில்லாமல், ஒருசேரத் தொடங்கவேண்டும் என்பது விதி. ஏணிப்படியாக ஏறும் பழைய முறைக்கு இது நேர் எதிர். சென்னையில் லட்சுமணசாமி முதலியார் 1938-இல் எழுதிய பாடநூலின் வழிவந்த தென்னிந்திய மாணவர்க்கும் படிப்படியான முறையே பழக்கம். முடிவு ஆச்சரியமூட்டுவது. கடும் உதிரப்போக்கு, அதற்கான வயிற்றறுவை, அதனால் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆயிற்று. உதிரப்போக்கை உரிய நேரத்தில் கண்டறிந்தது 51 சதவீதத்திலிருந்து 93 சதவீதமாயிற்று. ஐந்து செயல்களையும் சேர்த்துச் செய்தது 19 சதவீதத்திலிருந்து 91.

ஐரோப்பியப் பை ஏன் தோற்றது, ஆப்பிரிக்கப் பை ஏன் வென்றது என்பதற்கு இரு விளக்கங்கள் சொல்லலாம். முன்னது அளவை மட்டும் தந்தது, பின்னது அளவோடு கடமையையும் பிணைத்தது என்பது ஒன்று. ஐரோப்பாவில் ஏற்கெனவே உதிரப்போக்கு குறைவு, குறைப்பதற்கு மிச்சம் அதிகமில்லை என்பது மற்றொன்று. முதல் விளக்கமே பெரும்பாலோரால் ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதை மறுக்கும் சான்று இன்னும் வரவில்லை.

தீராத ஐயங்கள்

ஆப்பிரிக்க ஆராய்ச்சியின் கூட்டுக் கணக்கில் குறைந்ததில் பெரும்பங்கு அளந்த உதிரமே. மரணத்தைத் தனியே எடுத்தால், நல்லவேளையாக இரு பிரிவிலும் அது அரிதாக இருந்தமையால், வேறுபாடு உறுதிப்படவில்லை. ஐந்து செயல்களில் எது எவ்வளவு வேலை செய்தது என்பதும் தெரியாது. மூன்று அங்க முறையின் சரித்திரத்தை நினைப்பவர்க்கு, இவ்வைந்திலும் ஒன்றிரண்டு நாளை உதிரக்கூடும் என்ற எச்சரிக்கை பொருத்தமாகவே படும். எல்லைக்கோடும் நகர்ந்துகொண்டிருக்கிறது: 300 மில்லிலிட்டரிலேயே நாடியோ அழுத்தமோ பிறழ்ந்தால் செயலில் இறங்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசப் பிரசவ நிபுணர், மருத்துவச்சியர் சங்கங்களும் 2025-இல் கூறியுள்ளன. சோகை பிடித்தவர்க்கு இது நன்மை. ஆனால் எல்லையைத் தாழ்த்துந்தோறும் தேவையற்ற சிகிச்சை பெறுவோர் பெருகுவார்கள் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும். இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் சோகையுள்ளவர்கள் என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதால், நம் நாட்டில் இந்த வாதத்தின் இரு பக்கமும் கனமானவை.

ஆராய்ச்சிக்கு வெளியே நிற்கும் தாமதங்களும் உண்டு. உதவி நாடத் தீர்மானிப்பது, வந்து சேர்வது, வந்தபின் சிகிச்சை பெறுவது என்று தாமதத்தை மூன்றாகப் பகுத்து தாடியஸும் மெயினும் 1994-இல் எழுதினார்கள். பையும் மருந்தும் மூன்றாவதற்கே மருந்து. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களை இரவு பகலாகத் திறந்துவைத்ததும், மக்கள் சீமாங் மையம் என்றழைக்கும் அவசரப் பிரசவ சிகிச்சை நிலையங்களை 2004 முதல் அமைத்ததும், தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் விசாரித்ததும் முதலிரண்டைக் குறைத்தன. 2018-20-இல் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 பேரும் இறந்தார்கள். இந்த வித்தியாசத்துக்கு எந்தத் தனி மருந்தையும் காரணமாகக் காட்ட இயலாது. காரணங்களைப் பிரித்தறியும் சோதனையும் இனி நடத்த முடியாது.

எஞ்சியவற்றுள் மிக அவசரமானது சிசேரியன். ஆப்பிரிக்க ஆராய்ச்சி இயற்கைப் பிரசவங்களோடு நின்றது. அறுவை மேஜையில் உதிரம் உறிஞ்சு புட்டியில் பனிக்குட நீரோடு கலக்கிறது, பஞ்சுத் துணிகளில் ஊறுகிறது, மூடிய துணிகளின் கீழே கண்ணுக்குப் படாமல் வழிகிறது. அங்கே எதை அளப்பது, எந்தக் கோட்டில் மணியடிப்பது என்பதற்கு அதே தரமான சான்று இன்னும் இல்லை. 22 ஆப்பிரிக்க நாடுகளில் சிசேரியனுக்குப் பின் இருநூறு தாய்மாரில் ஒருவர் இறந்ததாக 2019-இல் வெளியான கணக்கு கூறியது. தமிழ்நாட்டில் மேற்சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே அந்த ஆராய்ச்சி பிற நாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திராமல், அறுவையும் பதிவேடும் மரண விசாரணையும் ஏற்கெனவே உள்ள நம் அரசு மருத்துவமனைகளிலேயே அதைத் தொடங்குவது தகும்.